பிரேக் ரோட்டர் அதிர்வது ஏன்? நான்கு விடைகளும் ஓசூர்–கிருஷ்ணகிரிச் சாலையும்

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை நெருங்குகிறது. பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் உதறுகிறது. மிதி காலுக்கடியில் துடிக்கிறது. காலை எடுத்ததும் உதறல் நிற்கிறது. இந்தக் குறையோடு ஓசூரிலோ பர்கூரிலோ ஒரு பட்டறைக்குப் போனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "டிஸ்க் பெண்டு" என்பதுதான். ரோட்டர் எனப்படும் அந்தப் பிரேக் வட்டைக் கழற்றி லேத்தில் கடைவார்கள், அல்லது புதிதாக மாற்றுவார்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அதே உதறல் திரும்பினால், பழி ரோட்டரைச் செய்தவர் மேல் விழுகிறது.

ரோட்டர் உண்மையிலேயே வளைகிறதா? வட்டு பிரேக் சாலைக்கு வந்த 1950-களிலிருந்தே பொறியாளர்களும் மெக்கானிக்குகளும் இதற்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லி வருகிறார்கள். ஒவ்வொரு விடையும் ஒரு தனி வைத்தியத்தைப் பரிந்துரைக்கிறது. நோயைத் தவறாகக் கணித்தால் வண்டிக்காரரின் பணம் வீணாவதோடு, பிரேக்கின் மேல் அவர் வைக்கும் நம்பிக்கையும் குலைகிறது. லட்சக்கணக்கில் வாகனங்களைச் செய்து அனுப்பும் ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. நான்கு முக்கிய விடைகளின் பின்னணி, வலிமை, குறைபாடு ஆகியவற்றையும், பொருத்துதலுக்கும் பராமரிப்புக்கும் அவை சொல்லும் பாடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வட்டு பிரேக் வந்த வழி

இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902-இல் வட்டு பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். செம்புப் பட்டை உலோக வட்டை உரசியபோது எழுந்த கிறீச்சொலி அந்த முயற்சியை முன்னேற விடவில்லை. 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் வட்டு பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். காரும், 1969-இல் ஹோண்டா சி.பி.750 மோட்டார் சைக்கிளும் அதைப் பொதுச் சாலைக்குக் கொண்டுவந்தன.

தமிழ்நாட்டில் பிரேக் தொழிலுக்கு ஆழமான வேர் உண்டு. டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவை 1962-இல் தொடங்கின. 1964-இல் ரானே பிரேக் லைனிங்கும், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் வந்தன. பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலைப் பிரிவு 2003-இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. ஓசூரின் கதை சற்றுப் பின்னால் தொடங்குகிறது. சிப்காட் தொழிற்பேட்டை உருவான பின், 1980 வாக்கில் அசோக் லேலண்ட் ஆலையும் டி.வி.எஸ். 50 மொபெட்டைச் செய்த ஆலையும் இயங்கத் தொடங்கின. அதே டி.வி.எஸ். 2011-இல் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 180 வண்டியில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பொருத்தி விற்றது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய இருசக்கர வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. ஏ.பி.எஸ். வட்டு பிரேக்கோடு சேர்ந்தே வருவதால், ஒருகாலத்தில் விலையுயர்ந்த கார்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த வட்டு இன்று ஆலைத் தொழிலாளியின் பைக்கிலும் சுழல்கிறது.

வட்டு பிரேக்கின் அமைப்பில் உள்ள ஒரு கூறு இந்த விவாதம் முழுவதற்கும் அடிப்படை. டிரம் பிரேக்கில் மிதியை விட்டதும் ஸ்பிரிங் ஷூவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பெரும்பாலான கார்களின் வட்டு பிரேக்கில் அப்படி வலுவாகப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் இல்லை. பேடை வட்டின்மேல் அழுத்தும் காலிப்பர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீலின் சிறு நெகிழ்வுதான் பேடைப் பின்னுக்கு இழுக்கிறது. ஆகவே பிரேக் போடாதபோதும் பேட் ரோட்டரை ஒட்டியே நிற்கிறது. ரோட்டரின் மிகச் சிறிய கோணலும் பேடில் தட்டுப்படுவதற்கு இதுவே காரணம்.

முதல் விடை: வெப்பம் வளைக்கிறது

பட்டறைகளில் மிகப் பழையதும் மிகப் பரவலானதும் இந்த விடைதான். கடும் பிரேக்கில் ரோட்டர் சூடேறுகிறது, சூட்டில் வளைகிறது, அல்லது சூட்டோடு தண்ணீர் பட்டு முறுக்கிக்கொள்கிறது. வார்ப்பிரும்பு வட்டில் வார்ப்பின்போதே தங்கிவிட்ட உள்ளழுத்தம் சூட்டில் விடுபட்டு வடிவத்தை மாற்றும் என்பது இதற்குச் சொல்லப்படும் உலோகவியல் காரணம்.

இதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. தொப்பி வடிவ ரோட்டர் சூடேறும்போது விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கூம்பு போலாவது அளக்கப்பட்ட உண்மை. ஆனால் அந்தச் சாய்வு சுற்றிலும் ஒரே அளவில் இருப்பதால் அது மட்டுமே துடிப்பை உண்டாக்காது. ஆறியதும் பெரும்பாலும் நேராகிவிடும். வார்ப்பிரும்பின் உள்ளழுத்தத்தை ஆலைகள் நீக்குவது ஏறத்தாழ 550 முதல் 600 டிகிரி செல்சியசில், பல மணி நேரம் வைத்து. நகர ஓட்டத்தில் ரோட்டர் பொதுவாக 100 முதல் 200 டிகிரிக்குள்தான் இருக்கும். சாதாரணக் குடும்பக் கார் தன் ரோட்டரை நிரந்தரமாக வளைக்குமளவுக்குச் சூடேற்றுவது அரிது.

இந்த விடையின் பெரிய குறை, அளந்து பார்க்கும்போது வெளிப்படுகிறது. "வளைந்தது" என்று கழற்றப்பட்ட ரோட்டர்களை மைக்ரோமீட்டரால் சோதித்தால், பெரும்பாலும் தெரிவது வளைவு அல்ல, தடிமன் வேறுபாடு. வட்டின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைவிடச் சில மைக்ரான் தடித்தோ மெலிந்தோ இருக்கும். தடித்த பகுதி பேடுகளுக்கிடையே வரும்போதெல்லாம் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட, மிதி துடிக்கிறது. தடுப்பு விசை ஏறி இறங்க, ஸ்டியரிங் உதறுகிறது. வேறுபாடு 15 முதல் 20 மைக்ரானைத் தொட்டாலே பல கார்களில் ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். தலைமுடியின் தடிமனில் நான்கில் ஒரு பங்குதான் அது. 1.9 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் மணிக்கு 100 கிலோமீட்டரில் வினாடிக்கு ஏறத்தாழ 15 முறை சுழல்கிறது. முன்சக்கரத் தொங்கலும் (சஸ்பென்ஷன்) ஸ்டியரிங்கும் தாமாக அதிர விரும்பும் எல்லையும் அதை ஒட்டியே இருப்பதால், குறை 80-க்கும் 110-க்கும் இடையில் பெரிதாகவும் 40-இல் மறைந்தும் தோன்றுகிறது.

ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: தடிமன் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? மற்ற மூன்று விடைகளும் இங்கேதான் பிரிகின்றன.

இரண்டாவது விடை: பேடின் பூச்சு சீராகப் படியவில்லை

இதைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் பந்தயப் பொறியாளரும் நூலாசிரியருமான காரல் ஸ்மித். வளைந்த ரோட்டர் என்பதே பெரும்பாலும் ஒரு கட்டுக்கதை என்பது அவர் வாதம். பேடும் ரோட்டரும் உரசும்போது பேடின் பொருள் மெல்லிய படலமாக வட்டின்மேல் படிகிறது. அது சுற்றிலும் சீராக இருந்தால் பிரேக் மென்மையாகப் பிடிக்கும். புதுப் பேடைப் பழக்காமலே கடுமையாகப் பிடித்தாலோ, சூடேறிய நிலையில் வண்டியை நிறுத்தி மிதியை அழுத்தியபடியே காத்திருந்தாலோ, பேட் இருந்த இடத்தில் மட்டும் திட்டு படிகிறது. அந்தத் திட்டு மற்ற இடத்தைவிட அதிகம் உரசி, அதிகம் சூடேறுகிறது. தொடர்ந்து அங்கே வெப்பம் 650 முதல் 700 டிகிரியை எட்டினால் வார்ப்பிரும்புக்குள் சிமென்டைட் என்னும் கடினமான இரும்புக் கார்பைடு உருவாகிறது. அது மேற்பரப்போடு நிற்காமல் உள்ளிறங்குவதால், மேலாகக் கடைவது நிரந்தரத் தீர்வாகாது.

இந்த விடை இரண்டு புதிர்களை நன்றாக விளக்குகிறது. புது ரோட்டரும் புதுப் பேடும் போட்ட சில நாளிலேயே உதறல் வருவது ஒன்று. நிதானமாகப் பலமுறை பிடித்தபின் சில வண்டிகளில் உதறல் தானாகவே குறைவது மற்றொன்று. பேடைப் பழக்கும் பயிற்சிக்கு அடிப்படையும் இதுதான்.

எனினும் இது பந்தயத் தடத்தில் பிறந்த விளக்கம். அங்கே ரோட்டர்கள் சிவக்குமளவு சூடேறுகின்றன. நெடுஞ்சாலையில் மிதமாக ஓடும் காருக்கு, அதுவும் பத்தாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு மெல்ல எட்டிப் பார்க்கும் உதறலுக்கு, அவ்வளவு வெப்பத்தைக் காட்டுவது கடினம். அத்தகைய ரோட்டர்களில் மெலிந்த பகுதி தேய்ந்தே இருப்பதும் தெரிகிறது. தேய்மானத்தைப் படிவு விளக்காது.

மூன்றாவது விடை: பொருத்தும்போதே பிறக்கும் கோணல்

கார் தயாரிப்பாளர்களின் சேவைக் கையேடுகள் பெரிதும் சாய்வது இந்த விடையின் பக்கம். சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் ஹப்பின்மேல் ரோட்டர் சரியாக உட்காராவிட்டால், சுழலும்போது அதன் முகம் பக்கவாட்டில் ஆடும். லேத் பட்டறைகளில் ரன்-அவுட் என்று சொல்லப்படுவது இதுவே. பிரேக் போடாத நேரத்தில் ரோட்டரின் உயர்ந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை ஒருமுறை தொட்டுச் செல்கிறது. ஒரு தொடுதலில் எதுவும் ஆகாது. ஆனால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரையுள்ள சுமார் 50 கிலோமீட்டரில் சக்கரம் ஏறத்தாழ 26,000 முறை சுழல்கிறது. அத்தனை முறையும் அதே இடம் உரசப்படுகிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மெலிந்து, தடிமன் வேறுபாடு உருவாகிறது. ஓட்டுநர் உணர்வது கடைசிக் கட்டத்தை. தவறு நடந்ததோ ரோட்டர் பூட்டிய அன்று.

பல கார்களுக்கு ரன்-அவுட்டின் எல்லை 0.05 மி.மீ. அளவில் வைக்கப்படுகிறது, சில கையேடுகள் 0.1 மி.மீ. வரை அனுமதிக்கின்றன. இது எவ்வளவு எளிதில் மீறப்படும் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 140 மி.மீ. விட்டமுள்ள ஹப் முகத்தின் ஓரத்தில் 0.05 மி.மீ. தடிப்பில் துருப்பொருக்கு ஒன்று இருந்து, அதன்மேல் ரோட்டர் உட்கார்ந்தால், 250 மி.மீ. விட்டத்தில் ஆட்டம் சுமார் 0.09 மி.மீ. ஆகிவிடும். புது ரோட்டர் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டிருந்தாலும் ஒரு பொருக்கு அந்தத் துல்லியத்தைப் பயனற்றதாக்கிவிடுகிறது.

வீல் நட் இறுக்குவதும் இதில் பங்கு கொள்கிறது. நட்டுகளை ஒன்றுக்கு ஒன்று வேறான விசையில் இறுக்கினால் ரோட்டரின் தொப்பிப் பகுதி ஹப்பின்மேல் சமமாக அழுந்தாது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தி மூடிய டப்பா மூடி மறுபக்கம் தூக்கிக்கொள்வது போலத்தான். பல கார்களுக்குத் தேவைப்படும் இறுக்கம் 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கிறது. டயர் கடையின் ஏர் கன் அதைவிட மிக அதிகமாகவும் நட்டுக்கு நட்டு வேறாகவும் இறுக்கக்கூடும்.

லேத்தில் கடைந்த ரோட்டர் ஏன் மறுபடி உதறுகிறது என்பதையும் இந்த விடை தெளிவாக்குகிறது. ரோட்டரைக் கழற்றி லேத்தில் மாட்டும்போது அது லேத்தின் அச்சுக்கு நேராகக் கடையப்படுகிறது, வண்டியின் ஹப்புக்கு நேராக அல்ல. துருப்பிடித்த அதே ஹப்பில் திரும்பப் பூட்டினால் கோணலும் திரும்புகிறது. தேய்மானம் முதலிலிருந்து தொடங்குகிறது.

இந்த விடைக்கும் எல்லை உண்டு. தேய்மானம் சேர நேரம் வேண்டும். பொருத்திய முதல் வாரத்திலேயே வரும் உதறலை இது விளக்காது. ஒரே அளவு ரன்-அவுட் உள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று உதற, மற்றொன்று உதறாமலிருப்பதும் உண்டு. பேடின் கடினம், காலிப்பரின் நகர்வு, தொங்கலின் அமைப்பு ஆகியவை இடையில் புகுந்து விளைவை மாற்றுகின்றன.

நான்காவது விடை: வார்ப்பும் வெப்பப் புள்ளிகளும்

இன்னொரு தரப்பு ரோட்டரின் பிறப்பையே கேள்வி கேட்கிறது. நடுவே காற்று போகும் இடைவெளி உள்ள ரோட்டரை வார்க்கும்போது மணல் கருவான கோர் சற்று நகர்ந்தால், ஒரு பக்கத் தகடு தடித்தும் மறுபக்கத் தகடு மெலிந்தும் போகும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சூடேறி, வெப்பத்தில் வெவ்வேறாக நீளும். கிராஃபைட் செதில்களின் பரவல் சீராக இல்லாவிட்டால் தேய்மானமும் சீராக இராது. விலை குறைந்த போலி உதிரிபாகங்கள் பற்றிய கவலைக்கு இங்கே நியாயமான அடிப்படை இருக்கிறது.

இதன் கோட்பாட்டு வேர் ரயில் பிரேக்கில் தொடங்குகிறது. 1948-இல் பார்க்கரும் மார்ஷலும் ரயில் பிரேக் கட்டைகளின் வெப்பத்தை அளந்தபோது, உராய்வு முழுப் பரப்பிலும் சமமாகப் பரவாமல் சில புள்ளிகளில் குவிவதைக் கண்டார்கள். 1969-இல் ஜே. ஆர். பார்பர் அதற்குக் கணித விளக்கம் தந்தார்: உராய்வால் சூடேறிய புள்ளி விரிந்து மேலெழுகிறது, மேலெழுந்ததால் அதிக அழுத்தம் பெறுகிறது, அதிக அழுத்தத்தால் இன்னும் சூடேறுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இந்தச் சுழற்சி தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். 25 மி.மீ. தடிமனுள்ள வார்ப்பிரும்பில் ஒரு பகுதி மற்றொன்றைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், தடிமன் வேறுபாடு சுமார் 5 மைக்ரான் ஆகும். ஆறினால் அது மறைந்துவிடும். நீண்ட இறக்கத்தில் மட்டும் வந்து பட்டறைக்குப் போனதும் காணாமல் போகும் உதறலை இது விளக்குகிறது.

வண்டிக்காரரின் கைக்கு எட்டாத காரணத்தைச் சொல்வது இந்த விடையின் பலவீனம். பெயர் பெற்ற ஆலைகள் வார்ப்பையும் கடைசலையும் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. அங்கிருந்து வரும் ரோட்டர் பெட்டிக்குள்ளேயே பழுதாக இருப்பது அரிது. குறையை உற்பத்தியின்மேல் போடும் முன், பொருத்தியதைச் சோதித்தாக வேண்டும்.

பைக்கின் தனிக் கணக்கு

ஓசூர் வட்டாரத்தின் வண்டிகளில் பெரும்பங்கு இருசக்கர வண்டிகள். மேற்சொன்ன விவாதம் காரை மையமாக வைத்து வளர்ந்தது. அதை அப்படியே பைக்குக்குப் பொருத்த முடியாது. பைக்கின் டிஸ்க் பெரும்பாலும் துருவைத் தாங்கும் எஃகுத் தகடு, சுமார் 4 மி.மீ. தடிமன். அது சக்கரத்தில் போல்ட்டுகளால் நேரடியாகப் பூட்டப்படுகிறது. ரன்-அவுட்டின் எல்லையும் தாராளமானது. பல கையேடுகளில் 0.3 மி.மீ. அளவில் இருக்கிறது.

ஆனால் இந்த மெல்லிய தகடு உண்மையிலேயே வளையக்கூடியது. பஞ்சர் பார்க்கக் கழற்றிய முன்சக்கரத்தை டிஸ்க் பக்கம் கீழாகத் தரையில் கிடத்துவது, ஆலை வாகன நிறுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வண்டிகள் சாய்வது, டிஸ்க் பூட்டை எடுக்க மறந்து வண்டியை நகர்த்துவது ஆகியவை அதற்குப் போதும். கார் ரோட்டருக்குப் பெரும்பாலும் பொருந்தாத முதல் விடை, வெப்பத்துக்குப் பதில் இடி, அழுத்தம் என்ற காரணங்களோடு இங்கே உயிர் பெறுகிறது. "டிஸ்க் பெண்டு" என்ற கணிப்பு பட்டறைகளில் வேரூன்றியதற்கு பைக்குகளில் பெற்ற இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த வட்டாரத்தின் சாலையும் பழக்கமும்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மேட்டு நிலத்தில் இருக்கிறது. சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வரும் சாலை மெல்லத் தாழ்கிறது. சராசரிச் சரிவு மிதமானது. அது மட்டுமே ரோட்டரைப் பழுதாக்கும் என்று சொல்வதற்கில்லை. சோதனை வருவது வேறிடங்களில். லாரிகளுக்கிடையே வேகமாக வந்து மேம்பாலத்தின் இறக்கத்திலோ சுங்கச்சாவடி வரிசையிலோ கடுமையாகப் பிடித்து, அப்படியே மிதியை அழுத்தியபடி நிற்பது, இரண்டாவது விடை எச்சரிக்கும் சூழல். ஃபாஸ்டேக் 2021-இல் கட்டாயமான பின் சாவடிக் காத்திருப்பு குறைந்தாலும், ஜூஜுவாடி எல்லையிலும் அத்திப்பள்ளிப் பக்கமும் நெரிசல் நேரத்தில் நின்று நகரும் ஓட்டம் தீரவில்லை.

தருமபுரியைத் தாண்டிச் சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் இருக்கிறது. லாரி விபத்துகளால் அடிக்கடி செய்திக்கு வரும் இடம் அது. 1,400 கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், அதே காரை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரண்டரை முறை நிறுத்துவதற்கு ஈடானது. கியரைக் குறைத்து எஞ்சினைத் தடையாக்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்கும். நியூட்ரலில் இறங்கினால், காற்றும் சாலையும் தடுப்பது போக மீதம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் பழக்கம் ரோட்டரை மட்டுமல்ல, உயிரையும் பணயம் வைக்கிறது.

தண்ணீரும் துருவும் அடுத்தவை. நெடுந்தூரம் ஓடி வந்த சூட்டோடு வாட்டர் சர்வீசுக்கு விட்டு, சக்கரத்தின்மேல் நேரே தண்ணீர் பீய்ச்சுவது பரவலான வழக்கம். ஆலைப் பேருந்தில் வேலைக்குப் போய், காரை வார இறுதியில் மட்டும் எடுக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். நிற்கும் நாட்களில் பேட் மூடிய இடம் ஒரு மாதிரியும் திறந்த இடம் வேறு மாதிரியும் துருப்பிடிக்கின்றன. ரோட்டர் முகத்தில் பிடிக்கும் துரு சில பிடிப்புகளில் போய்விடும். ஹப் முகத்தில் பிடிக்கும் துருதான் கண்ணுக்குத் தெரியாமல் தங்கி, அடுத்த ரோட்டரைக் கோணலாக்குகிறது. மாவட்டத்தின் கல்குவாரிகளையும் கிரஷர்களையும் ஒட்டிய சாலைகளில் பறக்கும் பொடி, காலிப்பரின் வழுக்குப் பின்களில் புகுந்து பேடைச் சிக்கவைக்கக்கூடும்.

இவற்றுக்கு நடுவே, இந்த வட்டாரத்துக்கென ஒரு பெரிய பலம் இருக்கிறது. ஓசூரில் மைக்ரான் அன்றாடப் பேச்சு. டைட்டன் கடிகார ஆலை முதல் சிப்காட்டின் சிறு சி.என்.சி. கூடங்கள் வரை, டயல் வைத்து ஆட்டம் பார்ப்பது தொழிலாளியின் வழக்கமான வேலை. ஆலை வாசலுக்குள் நூறில் ஒரு மில்லிமீட்டருக்குப் பொருளைத் திருப்பி அனுப்பும் ஊரில், வாசலுக்கு வெளியே உள்ள கடையில் ரோட்டர் அளவு பார்க்கப்படாமலே பூட்டப்படுகிறது. இந்த இடைவெளிக்குக் கருவியின் விலை காரணமாக இருக்க முடியாது. காந்தத் தாங்கியோடு ஒரு டயல் கேஜும் ஒரு டார்க் ரெஞ்சும் வாங்கும் செலவு எந்தப் பட்டறைக்கும் எட்டக்கூடியது. அளப்பதற்கு ஆகும் கூடுதல் நேரத்துக்கு வாடிக்கையாளர் கூலி தருவதில்லை என்பதும், அளக்கச் சொல்லி எவரும் கேட்பதில்லை என்பதும் பொருத்தமான விளக்கங்களாகத் தோன்றுகின்றன.

தடுப்பு: விடைகள் ஒன்றுகூடும் இடம்

நான்கு தரப்பும் காரணத்தில் முரண்பட்டாலும், தடுப்பில் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன.

பொருத்தும்போது, ஹப் முகத்தைக் கம்பி பிரஷாலோ எமரி தாளாலோ உலோகம் தெரியும்வரை துடைக்க வேண்டும். வீல் ஸ்டட்டுகளின் அடியைச் சுற்றியுள்ள துருவையும் விடக்கூடாது. புது ரோட்டரின்மேல் பூசியுள்ள துருத்தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் நீக்க வேண்டும். டீசலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். பிரேக் கிளீனர் இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைப்பதே மேல். பிறகு ரோட்டரை வீல் நட்டுகளால் சமமாகப் பிடித்து, வெளி விளிம்புக்குச் சுமார் 10 மி.மீ. உள்ளே டயல் வைத்து ஒரு முழுச் சுற்று பார்க்க வேண்டும். ஆட்டம் அதிகமானால் ரோட்டரை ஒரு ஸ்டட் நகர்த்திப் பூட்டிப் பார்க்கலாம். உயர்ந்த இடம் ரோட்டரோடு நகர்ந்தால் குறை ரோட்டரில். ஹப்பின் அதே இடத்தில் நின்றால் குறை ஹப்பில் அல்லது பேரிங்கில். பல வேளைகளில் இப்படி நகர்த்துவதே ஆட்டத்தை எல்லைக்குள் கொண்டுவந்துவிடும்.

காலிப்பர் பின்கள் கையால் தடையின்றி நகர வேண்டும். ரப்பருக்கு ஒத்த சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே அங்கே ஏற்றது. வீல் நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டங்களில், டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் இறுக்கிவிட்டால், வீடு வந்தபின் தளர்த்திச் சரியாக இறுக்குவது நல்லது.

புதுப் பேடைப் பழக்கும்போது, பரவலாகச் சொல்லப்படும் முறை, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்து வேகத்தைக் குறைப்பதை ஏறத்தாழ அரை நிமிட இடைவெளியில் முப்பது முறை செய்வது. இடையில் சூட்டோடு முழுதாக நின்று மிதியை அழுத்தி வைக்கக்கூடாது. நெரிசல் இல்லாத சாலையும் காலை நேரமும் இதற்கு ஏற்றவை.

ஓட்டத்தில், இறக்கத்துக்குத் தாழ்ந்த கியர்; நீண்ட இறக்கத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்காமல் அழுத்தி விடுவது; கடும் பிடிப்புக்குப் பின் சற்று உருளவிட்டு நிற்பது; கழுவும் முன் ரோட்டரை ஆறவிடுவது. லேத்தில் கொடுக்கும் முன் ரோட்டரில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனைப் பார்க்க வேண்டும். பல கார்களில் புதியதற்கும் கழிவெல்லைக்கும் இடையே இருப்பது சுமார் 2 மி.மீ. மட்டுமே. அதைத் தாண்டிக் கடைந்த ரோட்டர் வெப்பத்தைத் தாங்கும் திறனை இழக்கும். விரிசலுக்கும் அது வழி. பிரேக் போடாதபோதும் வண்டி உதறினால் டயர், பேலன்சிங் பக்கம் பார்க்க வேண்டும். ரோட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மின்வண்டி கொண்டுவரும் புதுக் கேள்விகள்

மின்ஸ்கூட்டர் செய்யும் ஏத்தரின் ஓசூர் ஆலையும், போச்சம்பள்ளியில் ஓலாவின் ஆலையும் 2021-இல் இயங்கத் தொடங்கியபின், கிருஷ்ணகிரி மாவட்டம் மின்வண்டிகளின் மாவட்டமாகவும் ஆகிவிட்டது. மின்வண்டியில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் ஒரு பங்கை மோட்டாரே செய்து, ஆற்றலை பேட்டரிக்குத் திருப்புகிறது. ரோட்டர் குறைவாகச் சூடேறுகிறது. முதல், இரண்டாவது விடைகளின் வலு குறைகிறது. மறுபுறம், உரசிச் சுத்தமாகும் வாய்ப்பும் குறைவதால் கார்களின் வார்ப்பிரும்பு வட்டில் துரு நீண்ட நாள் தங்குகிறது. பிரேக் போடாமல் ஓடும் தூரம் கூடுவதால், பொருத்தும்போது உண்டான கோணல் தேய்மானமாக மாறும் வாய்ப்பும் கூடலாம்.

ஐரோப்பாவின் யூரோ 7 விதி, பிரேக்கிலிருந்து பறக்கும் துகளுக்கு முதன்முறையாக எல்லை வைத்திருக்கிறது. பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்கார்களுக்கு 3 மில்லிகிராம். அதை எட்டத் தயாரிப்பாளர்கள் ரோட்டரின்மேல் கடினப் பூச்சு ஏற்றுகிறார்கள். பூச்சுள்ள ரோட்டரை லேத்தில் கடைய முடியாது; கடைந்தால் பூச்சு போய்விடும். அத்தகைய ரோட்டர்கள் இங்கே வரும் நாளில், தவறாகப் பூட்டியதைக் கடைந்து சரிசெய்யும் வழி அடைபடும். முதல் முறையே சரியாகப் பூட்டுவது ஒன்றே மிஞ்சும்.

மதிப்பீடு

இதுவரை சேர்ந்த சான்றுகளை வைத்துச் சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். கார் ரோட்டரில் உணரப்படும் அதிர்வின் நேரடிக் காரணம் பெரும்பாலும் தடிமன் வேறுபாடு. வெப்பத்தால் ஏற்பட்ட நிரந்தர வளைவு அரிது. மெல்ல வளரும் அதிர்வுக்குப் பொருத்துதல் விளக்கமும், புதிதாகப் போட்ட உடன் வரும் அதிர்வுக்குப் பேட் படிவு விளக்கமும், இறக்கத்தில் மட்டும் தோன்றி மறைவதற்கு வெப்பப் புள்ளி விளக்கமும் கூடுதல் பொருத்தமாக இருக்கின்றன. பைக் டிஸ்க்கில் உண்மையான வளைவுக்கு இடம் உண்டு. நான்கு விடைகளையும் போட்டியாளர்களாகப் பார்ப்பதைவிட, எப்போது தொடங்கியது, எப்போது தெரிகிறது என்ற கேள்விகளால் பிரித்தறிய வேண்டிய நான்கு நோய்களாகப் பார்ப்பதே பயனுள்ளது.

தீராதவையும் இருக்கின்றன. எந்த அளவு ரன்-அவுட் எந்த வண்டியில் அதிர்வாக மாறும் என்பதற்குப் பொது விதி இல்லை. சூடான ரோட்டரில் தண்ணீர் படுவதன் விளைவு பற்றிப் பட்டறை நம்பிக்கை வலுவாக இருக்கிறது. சாதாரண ஓட்ட வெப்பத்தில் அது எவ்வளவு தீங்கு என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. குவாரிப் பொடியின் பங்கும், மின்வண்டிகளின் நீண்டகாலத் தேய்மானமும் கள அளவீட்டுக்குக் காத்திருக்கின்றன.

அந்த அளவீட்டைச் செய்யும் திறமை இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. ஐ.டி.ஐ.களின் மோட்டார் மெக்கானிக் பிரிவில் ஹப் சுத்தமும் டயல் சோதனையும் ஒவ்வொரு மாணவரும் கையால் செய்து தேறும் பயிற்சியாக வேண்டும். பட்டறைகள் ரோட்டர் மாற்றும்போது ரன்-அவுட்டையும் தடிமனையும் பில்லில் எழுதித் தர வேண்டும். வாடிக்கையாளர்கள் அதைக் கேட்டு வாங்கி, அந்த நேரத்துக்குரிய கூலியைத் தர வேண்டும். அப்படிச் சேரும் எண்கள் எந்த விடை எவ்வளவு சரி என்பதைக் காலப்போக்கில் காட்டும். விவாதம் முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எந்தத் தரப்பு வென்றாலும் துடைத்த ஹப்பும் அளந்த ஆட்டமும் சமமாக இறுக்கிய நட்டும் வீணாகப் போவதில்லை.